நாலுக்கு நாலு கோடு போட்டால் தப்பா?

ரோமன் எண்ணில் 4 எழுதச் சொன்னால், நாலு கோடு போட்ட பிள்ளைக்கு நம் பள்ளிக்கூடங்களில் முட்டை மார்க்தான். "ஒரே எழுத்தை மூணு தடவைக்கு மேல எழுதக்கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது?" என்று ஓர் அதட்டலும் இலவசமாகக் கிடைக்கும். அந்த விதியை யாராவது ரோமாபுரிக்காரர்களிடமும் சொல்லியிருக்கலாம். பாவம், அவர்களுக்கே தெரியாமல் போய்விட்டது :)

மேலே போவதற்கு முன் ஒரு சின்ன ஏற்பாடு. ரோமன் எண்களுக்கு மொத்தம் ஏழே எழுத்துகள். ஐ என்றால் 1, வி என்றால் 5, எக்ஸ் என்றால் 10, எல் 50, சி 100, டி 500, எம் 1000. வகுப்பில் வாய்விட்டுச் சொல்வது மாதிரியே இங்கேயும் எழுத்துகளின் பெயரை எழுதிக்கொண்டு போகிறேன். எக்ஸ்-வி-ஐ என்று வந்தால் பத்து, ஐந்து, ஒன்று, ஆக 16. படிக்கும்போது விரலால் காற்றில் எழுதிப் பார்த்துக்கொண்டால் இன்னும் வசதி. பக்கத்தில் இருப்பவர் ஒரு மாதிரி பார்த்தால் நான் பொறுப்பில்லை.

இப்போது ரோமாபுரிக்குப் போவோம். கி.பி. 80இல் திறக்கப்பட்ட கொலோசியம் அரங்கைப் படத்திலாவது எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அத்தனை கூட்டமும் குழப்பமில்லாமல் உள்ளே போக, வாசல் வளைவுகளின் மேல் எண் செதுக்கி வைத்திருந்தார்கள். 23 முதல் 54 வரையிலான வாசல்களில் அந்த எண்கள் இன்றும் இருக்கின்றன. அதில் 44ஆம் வாசலைப் பாருங்கள். நம் புத்தகப்படி அது எக்ஸ்-எல்-ஐ-வி என்று இருக்க வேண்டும். அங்கே செதுக்கியிருப்பதோ எக்ஸ்-எல்-ஐ-ஐ-ஐ-ஐ. அதாவது நாற்பதுக்கு 'ஐம்பதில் பத்தைக் கழி' என்ற முறை. பக்கத்திலேயே இருக்கும் நாலுக்கு மட்டும் நாலு கோடு. ஒரே எண்ணில் இரண்டு முறைகள்! நம் ஊர் விடைத்தாளில் இதை எழுதினால் பாதி மார்க் கூடக் கிடைக்காது.

இன்னொரு உதாரணம். கி.பி. 9இல் ஜெர்மானியக் காடுகளில் ரோமானியப் படை மிக மோசமாகத் தோற்றது. அந்தப் போரில் இறந்த மார்கஸ் கேலியஸ் என்ற அதிகாரியின் நினைவுக்கல் கிடைத்திருக்கிறது. அவர் 18ஆம் படையணியைச் சேர்ந்தவர். கல்லில் 18ஐ எப்படி எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? எக்ஸ்-ஐ-ஐ-எக்ஸ். பத்து, பிறகு இரண்டு குறைந்த பத்து. நம் விதிப்படி இது படு தப்பு. ஆனால் லத்தீன் மொழியில் 18க்கான சொல்லே 'இருபதுக்கு இரண்டு குறைவு' என்ற பொருளில்தான் இருக்கிறது. வாயில் சொன்னதுபோலவே கழித்து எழுதியிருக்கிறார்கள்.

இதைச் சொல்வதால் நான் ரோமன் எண்களைப் பாடத்திலிருந்து தூக்கிவிடச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நான் சொல்ல வருவது வேறு. ரோமன் எண்களைக் கட்டாயம் சொல்லித்தர வேண்டும். ஆனால் சட்டப் புத்தகம் மாதிரி விதிகளை அடுக்கிச் சொல்லித்தருவதை நிறுத்த வேண்டும். எழுதக் கற்றுக்கொள்ள ஒரே ஒரு வடிவம் போதும், ஒரு பீரியடில் முடிந்துவிடும். மிச்சமாகும் நேரத்தில் 'இவ்வளவு பெரிய சாம்ராஜ்யம் பயன்படுத்திய எண்களை உலகம் ஏன் கைவிட்டது?' என்ற கேள்வியைக் கேட்க வேண்டும். உண்மையான கணக்குப் பாடம் அங்கேதான் இருக்கிறது.

ஏழு எழுத்துக்கு ஏழு விதி

எங்கள் தெருவில் ஐந்தாவது படிக்கும் ஒரு பையன் சாயங்காலம் கணக்கு கேட்க வருவான். அவன் நோட்டில் இருந்ததை அப்படியே தருகிறேன்.

1. ஐ, எக்ஸ், சி, எம் ஆகியவை மட்டும் திரும்ப வரலாம். மூன்று முறைக்கு மேல் கூடாது.
2. வி, எல், டி திரும்ப வரக்கூடாது.
3. பெரிய எண்ணுக்கு வலப்பக்கம் சிறிய எண் வந்தால் கூட்ட வேண்டும்.
4. இடப்பக்கம் வந்தால் கழிக்க வேண்டும்.
5. வி, எல், டி ஆகியவற்றைக் கழிக்கக்கூடாது.
6. ஐ என்பதை வி, எக்ஸ் இரண்டிலிருந்து மட்டும் கழிக்கலாம். எக்ஸை எல், சி இரண்டிலிருந்து மட்டும். சியை டி, எம் இரண்டிலிருந்து மட்டும்.
7. மேலே கோடு போட்டால் ஆயிரம் மடங்கு.

ஏழு எழுத்துக்கு ஏழு விதி! அவன் ஏழையும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறான். "சரிடா, 99 எழுது" என்றேன். ஐ-சி என்று எழுதினான். நூறில் ஒன்று கழித்தால் 99, அவன் யோசித்ததில் என்ன குறை? பிறகு ஆறாம் விதி ஞாபகம் வந்து அவனே அடித்துவிட்டு முழித்தான். "ஏன்க்கா நூறுல இருந்து ஒண்ணைக் கழிக்கக்கூடாது?" என்று கேட்டான். இதே கேள்வியை வகுப்பிலும் கேட்டிருக்கிறான். அங்கே கிடைத்த பதில்: "அது அப்படித்தான், எழுதிக்கோ."

எனக்குக் கோபம் வருவது இந்த 'அது அப்படித்தான்' மேல்தான். கணக்கில் மட்டுமாவது 'ஏன்' என்று கேட்டால் பதில் இருக்கும் என்று பிள்ளைகள் நம்ப வேண்டும். பத்து வயதில் அந்த நம்பிக்கை போய்விட்டால், அப்புறம் இயற்கணிதம் வந்தாலும் சரி, நுண்கணிதம் வந்தாலும் சரி, மனப்பாடம் ஒன்றுதான் வழி என்று ஆகிவிடும். நம் கல்லூரியிலேயே எத்தனை பேர் சூத்திரத்தை மட்டும் உருப்போட்டுவிட்டுப் பரீட்சைக்கு வருகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். அது அங்கே ஆரம்பித்தது இல்லை, இங்கே ஆரம்பித்தது.

ஒரு வீடு, மூன்று பேர்

அந்தப் பையனுக்கு நான் சொல்லிக்கொடுத்த முறை இது. ஏழு விதிகளையும் மறந்துவிடுங்கள். ஒரு வீட்டில் மூன்று பேர் இருக்கிறார்கள்: தம்பி, அண்ணன், அப்பா. தம்பியின் மதிப்பு 1, அண்ணன் 5, அப்பா 10. இவர்களை வரிசையில் நிறுத்தி ஒன்றிலிருந்து ஒன்பது வரை எழுத வேண்டும்.

1 – தம்பி
2 – தம்பி தம்பி
3 – தம்பி தம்பி தம்பி
4 – தம்பி அண்ணன்
5 – அண்ணன்
6 – அண்ணன் தம்பி
7 – அண்ணன் தம்பி தம்பி
8 – அண்ணன் தம்பி தம்பி தம்பி
9 – தம்பி அப்பா

படிக்க வேண்டியது இவ்வளவுதான். ஒன்றுகள் வீட்டில் தம்பி ஐ, அண்ணன் வி, அப்பா எக்ஸ். பத்துகள் வீட்டில் தம்பி எக்ஸ், அண்ணன் எல், அப்பா சி. நூறுகள் வீட்டில் தம்பி சி, அண்ணன் டி, அப்பா எம். கவனித்தீர்களா? ஒரு வீட்டு அப்பா அடுத்த வீட்டில் போய்த் தம்பி ஆகிவிடுகிறார். ஆயிரங்கள் வீட்டில் தம்பி எம் மட்டும்தான், அண்ணனும் அப்பாவும் இல்லை. அதனால்தான் மேலே கோடு போடாமல் 3999 வரைக்கும்தான் எழுத முடிகிறது.

1947ஐ எழுதுவோம். ஆயிரங்கள் வீட்டில் 1: எம். நூறுகள் வீட்டில் 9, தம்பி அப்பா: சி-எம். பத்துகள் வீட்டில் 4, தம்பி அண்ணன்: எக்ஸ்-எல். ஒன்றுகள் வீட்டில் 7, அண்ணன் தம்பி தம்பி: வி-ஐ-ஐ. எல்லாவற்றையும் சேர்த்தால் எம்-சி-எம்-எக்ஸ்-எல்-வி-ஐ-ஐ. முடிந்தது.

இப்போது 99. பத்துகள் வீட்டில் 9: எக்ஸ்-சி. ஒன்றுகள் வீட்டில் 9: ஐ-எக்ஸ். சேர்த்தால் எக்ஸ்-சி-ஐ-எக்ஸ். ஐ-சி ஏன் வராது என்பதற்குக் காரணமும் கிடைத்துவிட்டது. ஒன்றுகள் வீட்டுத் தம்பிக்குப் பத்துகள் வீட்டு அப்பாவிடம் வேலை இல்லை. ஒவ்வொரு வீடும் தன் கணக்கைத் தானே முடித்துக்கொள்கிறது. ஆறாம் விதி, ஐந்தாம் விதி, இரண்டாம் விதி எல்லாம் இந்த ஒரே வடிவத்திலிருந்து தானாக வந்துவிடும். நீங்கள் வேண்டுமானால் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி இருக்கிறது, அதை யாரும் சொல்லித்தருவதில்லை. 90ஐ நாம் எப்படிச் சொல்கிறோம்? எண்பது வரைக்கும் 'பது' போட்டுக்கொண்டு வந்துவிட்டு, 90 வந்ததும் 'தொண்ணூறு' என்கிறோம். நூறே இன்னும் வரவில்லை, ஆனால் பெயருக்குள் நூறு வந்து உட்கார்ந்துவிட்டது. 900ம் அப்படித்தான். எண்ணூறுக்கு அடுத்தது 'தொள்ளாயிரம்', உள்ளே ஆயிரம் இருக்கிறது. 9கூட 'ஒன்பது', கடைசியில் இருபது முப்பதில் வருகிற அதே 'பது'. ரோமானியர்கள் 9க்கு அப்பா எக்ஸையும், 90க்கு அப்பா சியையும், 900க்கு அப்பா எம்மையும் கூப்பிட்டார்கள். நாம் வாயால் கூப்பிடும்போது அதே அப்பாக்களைத்தான் கூப்பிடுகிறோம்! 'தொண்ணூறு என்று சொல்லும்போது நூறு காதில் விழுகிறதா? அப்படியானால் சியைப் போடு' என்று சொன்னால் எந்தப் பிள்ளைக்கும் மறக்காது.

இது எதற்கு, தூக்கிப் போடலாமே?

இந்தக் கட்சியில் என் வகுப்பு நண்பர்களே நிறையப் பேர். கடிகாரத்தையும் ராஜாக்கள் பெயரையும் தவிர இதனால் என்ன பயன் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. என் பதில்: எழுதுவதில் பெரிய பயன் இல்லை, ஆனால் தப்பாகப் படித்தால் வம்பு வரும்.

வேதியியல் ஆய்வகத்துக்கு வாருங்கள். காப்பர் ஆக்ஸைடு என்று மட்டும் சொன்னால் பாதி பெயர்தான். அடைப்புக்குள் ரோமன் ஒன்று போட்டால் அது சிவப்புத் தூள். ரோமன் இரண்டு போட்டால் கறுப்புத் தூள். ஒரு கோடு கூடினால் பொருளே வேறு. இங்கே ஒரு சுவாரசியம் உண்டு. ஆக்ஸிஜனேற்ற எண் பூஜ்யமாக இருந்தால் என்ன செய்வது? ரோமன் எண்களில்தான் பூஜ்யமே கிடையாதே! அதனால் அந்த இடத்தில் மட்டும் நம் சாதாரண 0ஐ எழுதுகிறார்கள். இதை இன்னொரு முறை பேசுவோம், பின்னால் வருகிறது.

மருத்துவம் படிக்கும் நண்பர்களுக்கு இன்னும் முக்கியம். ரத்தம் உறைவதற்குத் தேவையான புரதங்களுக்கு 'ஃபேக்டர்' என்று பெயர் வைத்து ரோமன் எண் கொடுத்திருக்கிறார்கள். ஃபேக்டர் 8 குறைந்தால் ஹீமோஃபிலியா ஏ. 9 குறைந்தால் ஹீமோஃபிலியா பி. 11 குறைந்தால் ஹீமோஃபிலியா சி. இதில் 9 என்பது ஐ-எக்ஸ், 11 என்பது எக்ஸ்-ஐ. அதே இரண்டு எழுத்துகள், இடம் மட்டும் மாற்றம். ஒன்று இடதா வலதா என்பதில் நோயே மாறிவிடுகிறது. நிச்சயம் இதை 'பழைய குப்பை' என்று சொல்ல முடியாது.

நம் அரசியலமைப்புச் சட்டத்தின் ஆங்கில மூலத்தைத் திறந்தால் பகுதிகள் எல்லாம் ரோமன் எண்ணில்தான். அடிப்படை உரிமைகள் இருப்பது மூன்றாம் பகுதி. அரசின் வழிகாட்டு நெறிமுறைகள் நான்காம் பகுதி, ஐ-வி. 1976இல் 42ஆவது திருத்தம் அடிப்படைக் கடமைகளைச் சேர்த்தபோது ஐ-வி-ஏ என்று வந்தது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் ஒருவர் ஐ-விக்கும் வி-ஐக்கும் குழம்பினால், வழிகாட்டு நெறிமுறைகளைத் தேடிக்கொண்டு மாநிலங்கள் பற்றிய ஆறாம் பகுதிக்குப் போய் நிற்பார்.

ஆக, படிக்கத் தெரிய வேண்டும். நன்றாகப் படிக்க, கொஞ்சம் எழுதிப் பழகியிருக்க வேண்டும். அதற்கு அந்த வீட்டு வடிவம் போதும் என்பதுதான் என் வாதம். '3888ஐ ரோமன் எண்ணில் எழுதுக' என்று பரீட்சையில் கேட்டு, 15 எழுத்தில் ஓர் எழுத்து விட்டுப்போனதற்கு மார்க் குறைப்பதில் யாருக்கு என்ன லாபம்?

கணக்குப் போட முடியாத எண்களா?

'ரோமன் எண்களில் கூட்டவே முடியாது, அதனால்தான் கைவிட்டார்கள்' என்று பல புத்தகங்களில் ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். இது சரியில்லை. கூட்டல் உண்மையில் நம் முறையைவிடச் சுலபம். 27ஐயும் 15ஐயும் கூட்டுவோம். எக்ஸ்-எக்ஸ்-வி-ஐ-ஐ, அதனுடன் எக்ஸ்-வி. எல்லாவற்றையும் ஒரே குவியலாக்குங்கள்: எக்ஸ் மூன்று, வி இரண்டு, ஐ இரண்டு. இரண்டு வி சேர்ந்தால் ஓர் எக்ஸ். இப்போது எக்ஸ் நாலு, ஐ இரண்டு. 42. ஏழும் ஐந்தும் பன்னிரண்டு என்ற வாய்ப்பாடுகூடத் தேவைப்படவில்லை. சில்லறை எண்ணுவது மாதிரிதான். பத்து ரூபாய் நோட்டெல்லாம் ஒரு பக்கம், ஐந்து ரூபாய் நாணயமெல்லாம் ஒரு பக்கம்.

நாலு கோடு ஏன் அவர்களுக்கு உறுத்தவில்லை என்பதும் இங்கே புரியும். குவியலாகச் சேர்க்கும்போது ஐ-வி என்பது தொல்லை, அதைப் பிரித்துக் கழிக்க வேண்டும். ஐ-ஐ-ஐ-ஐ என்றால் அப்படியே கொட்டிவிடலாம். ரோமானியர்கள் கையில் வைத்திருந்த மணிச்சட்டத்தையும் பாருங்கள். ஒவ்வொரு வரிசையிலும் கீழே நாலு மணி, மேலே ஐந்து மதிப்புள்ள ஒரு மணி. 8 வேண்டுமென்றால் மேலே ஒன்று, கீழே மூன்று. அதை அப்படியே எழுதினால் வி-ஐ-ஐ-ஐ. கணக்கை மணிகளில் போட்டார்கள், விடையை எழுத்தில் குறித்தார்கள். ரோமன் எண்கள் கணக்குப் போடும் கருவி அல்ல, விடையை எழுதிவைக்கும் குறிப்பு.

கஷ்டம் பெருக்கலில் வருகிறது. எக்ஸ்-எல்-வி-ஐ-ஐயை எக்ஸ்-எக்ஸ்-ஐ-எக்ஸ் ஆல் தாளில் பெருக்கிப் பாருங்கள், தலை சுற்றும். நம் முறையில் 47ஐ 29 ஆல் பெருக்குவது நாலாம் வகுப்புக் கணக்கு. நம் எண்களில் மணிச்சட்டமும் குறிப்பும் ஒன்றாகிவிட்டன. தாளிலேயே கணக்கு, தாளிலேயே விடை. அதைச் சாத்தியமாக்கியது பூஜ்யம்.

வீடுகளுக்கே திரும்புவோம். 1950ஐ ரோமனில் எழுதினால் எம்-சி-எம்-எல். ஒன்றுகள் வீட்டில் யாரும் இல்லை, அதனால் எதுவும் எழுதவில்லை. நம் பழைய தமிழ் எண்களும் இதே மாதிரிதான். பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனி அடையாளம் இருந்ததால் பூஜ்யம் தேவைப்படவில்லை. 1947 என்பது ௲௯௱௪௰௭. 1950 என்பது ௲௯௱௫௰. ரோமன் மாதிரி சி-சி-சி என்று அடுக்காமல் மூன்று நூறு என்பதை ௩௱ என்று எழுதினார்கள், அது ஒரு படி முன்னேற்றம். ஆனாலும் ஒவ்வொரு வீட்டுக்கும் தனிப் பெயர்ப்பலகை வேண்டியிருந்தது. இடமதிப்பு முறையில் பலகை கிடையாது, வீட்டின் வரிசைதான் அதன் மதிப்பு. அதனால் ஆள் இல்லாத வீட்டிலும் 'இங்கே யாரும் இல்லை' என்று ஒரு வட்டம் போட்டே ஆக வேண்டும். குவாலியர் கோயில் ஒன்றில் கி.பி. 876ஆம் ஆண்டுக் கல்வெட்டில் 270 என்ற எண் இருக்கிறது, கடைசியில் ஒரு சிறு வட்டத்தோடு. அதே 270 ரோமனில் சி-சி-எல்-எக்ஸ்-எக்ஸ். அந்தச் சின்ன வட்டத்துக்கு எவ்வளவு மதிப்பு என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் உறைக்கிறது.

இன்னொன்றும் தெரியும். 1888 ரோமனில் எம்-டி-சி-சி-சி-எல்-எக்ஸ்-எக்ஸ்-எக்ஸ்-வி-ஐ-ஐ-ஐ, 13 எழுத்துகள். 2000 வெறும் எம்-எம், இரண்டே எழுத்துகள். நீளத்தைப் பார்த்து எது பெரிது என்று சொல்ல முடியாது. நம் முழு எண்களில் நீளமானது பெரியது, யோசிக்கவே வேண்டாம். இவ்வளவு வசதியை நாம் இலவசமாக அனுபவிக்கிறோம் என்பதே, வசதி இல்லாத ஒன்றைப் பழகினால்தான் தெரியும். ரோமன் எண்களைப் பாடத்தில் வைத்திருக்க இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஐரோப்பாவும் உடனே மாறிவிடவில்லை. பைசா நகரத்து ஃபிபோனாச்சி 1202இல் எழுதிய 'லிபர் அபாசி' என்ற நூலில் இந்தியர்களின் ஒன்பது எண்களையும் பூஜ்யத்தையும் விளக்கினார். ஆனால் 1299இல் ஃபிளாரன்ஸ் நகரப் பணமாற்று வணிகர் சங்கம், கணக்குப் புத்தகத்தில் புது எண்களைப் பயன்படுத்தக்கூடாது, தொகையை எழுத்தால்தான் எழுத வேண்டும் என்று தடை போட்டது. சிரிக்காதீர்கள். இன்றும் வங்கிக் காசோலையில் தொகையை எழுத்தாலும் எழுதச் சொல்கிறார்களே, ஏன்?

எல்லோரும் இஷ்டத்துக்கு எழுதினால்?

ஆசிரியர்கள் பக்கத்திலிருந்து வரக்கூடிய கேள்வி இது. விதி இல்லாவிட்டால் ஒருவன் நாலு கோடு போடுவான், இன்னொருவன் ஐ-வி போடுவான், எப்படித் திருத்துவது? ஒரே வழக்கம் வேண்டும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். மருந்துப் பெயரிலும் சட்டப் புத்தகத்திலும் ஆளுக்கொரு முறை ஆபத்து. என் வேண்டுகோள் ஒன்றுதான்: வழக்கத்தை வழக்கம் என்று சொல்லுங்கள், இயற்கைச் சட்டம் என்று சொல்லாதீர்கள்.

வித்தியாசம் இருக்கிறது. ஏழும் ஐந்தும் பன்னிரண்டு என்பதை யாராலும் மாற்ற முடியாது. நாலுக்கு ஐ-வி என்பது நாம் பேசி வைத்துக்கொண்டது, சாலையில் இடப்பக்கம் போவது மாதிரி. முதலாவதில் தப்பு செய்தவனுக்குக் கணக்கு புரியவில்லை. இரண்டாவதில் மாற்றி எழுதியவனுக்கு வழக்கம் தெரியவில்லை, அவ்வளவுதான். இரண்டுக்கும் ஒரே சிவப்பு மையில் ஒரே பெருக்கல் குறி போடுவது எந்த ஊர் நியாயம்? (அந்தப் பெருக்கல் குறியே ரோமன் பத்துதான் என்பது வேறு விஷயம்!)

நம்பாதவர்கள் கணினியில் எக்ஸெல் திறந்து பாருங்கள். எண்ணை ரோமனாக மாற்ற அதில் ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. 499ஐக் கொடுத்தால் முதலில் புத்தக முறைப்படி சி-டி-எக்ஸ்-சி-ஐ-எக்ஸ் என்று தரும். சுருக்கும் அளவை ஒவ்வொன்றாகக் கூட்டினால் வடிவமும் சுருங்கிக்கொண்டே போய்க் கடைசியில் ஐ-டி என்று இரண்டே எழுத்தில் வந்து நிற்கும். ஐந்நூறில் ஒன்று குறைவு. எங்கள் தெருப் பையன் 99க்கு ஐ-சி எழுதினானே, அதே யோசனை. மென்பொருள் செய்தால் வசதி, பையன் செய்தால் தப்பு!

கடிகாரக் கடைக்குப் போனாலும் இதே கதைதான். ரோமன் எண் போட்ட கடிகாரங்களில் பெரும்பாலானவற்றில் 4 இருக்கும் இடத்தில் நாலு கோடுதான் இருக்கும். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் கடிகாரத்தில் மட்டும் பார்த்தால் ஐ-வி. நாலு கோடு போடும்போது முகப்பு அழகாக மூன்று பங்காகிறது: முதல் நாலு எண்களில் கோடுகள் மட்டும், அடுத்த நாலில் வி, கடைசி நாலில் எக்ஸ். வீட்டுச் சுவரில் நாலு கோடு தொங்குகிறது, பள்ளிக்கூடத்தில் அதற்கு முட்டை. பிள்ளை எதை நம்புவது?

ஆசிரியர்களிடம் நான் கேட்பது மூன்றே மூன்று. விதிப் பட்டியலை எடுத்துவிட்டு வடிவத்தைக் கொடுங்கள். நாலு கோடு போட்ட பிள்ளையிடம் 'இப்படியும் எழுதியிருக்கிறார்கள், இப்போது நாம் ஐ-வி என்று எழுதுகிறோம்' என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், மார்க்கை வேண்டுமானால் பாதியாக்கிக்கொள்ளுங்கள். கடைசியாக, ரோமன் எண்ணில் ஒரே ஒரு பெருக்கல் கணக்கைப் போடச் சொல்லுங்கள். பத்து நிமிஷம் திண்டாடட்டும். அதன் பிறகு பூஜ்யத்தைப் பற்றிச் சொன்னால் ஒரு பிள்ளையும் தூங்காது.

நீங்களும் சும்மா இருக்க வேண்டாம். உங்கள் பிறந்த வருடத்தை வீடு வீடாகப் பிரித்து ரோமன் எண்ணில் எழுதிப் பாருங்கள். தொண்ணூறுகளில் பிறந்தவர்கள் தொள்ளாயிரத்துக்கும் தொண்ணூறுக்கும் மறக்காமல் அப்பாவைக் கூப்பிடுங்கள். 2000இல் பிறந்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள், இரண்டே எழுத்தில் வேலை முடிந்தது!